தாடி எடுத்த யூதாஸ்

குன்னூர்
24 மார்ச் 2025

அன்புள்ள எல்சா அக்காவுக்கு ஆன்சி எழுதுவது.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்தபோது, அவருடைய முகவாயில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துணுக்குதான் முதலில் என் கண்ணில் பட்டது. ரத்தம் நிற்பதற்காக ஒட்டுவார்களே, அந்த மாதிரி. 'அப்பா, மூஞ்சியில பேப்பர்' என்று சொல்ல வாயெடுத்த பிறகுதான், பேப்பர் ஒட்டியிருந்த இடத்தில் தாடியே இல்லையே என்று உறைத்தது.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளிலிருந்து வளர்த்த தாடி. சீடர் வேஷம் கட்டுகிற யாரும் பெரிய வெள்ளி நாடகம் முடியும்வரை சவரக்கத்தி தொடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்த வருடம்கூட அப்பா எடுத்ததில்லை. "ஏம்ப்பா?" என்று கேட்டேன். "அரிச்சுது" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் எஸ்டேட் மேனேஜரும் வாட்சர்களும் டிராக்டரோடு கோயிலுக்கு வந்தார்கள். பின்பக்கத்துக் கொட்டகையைத் திறக்கச் சொல்லி, செதுக்கி வைத்திருந்த சிலுவையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொரு வருடமும் நாடகம் முடிந்ததும் சிலுவையைக் கல்லறை மேட்டில் நட்டுவிடுகிறோம், அடுத்த வருடத்துக்கு எஸ்டேட் ஓரத்தில் இன்னொரு சில்வர் ஓக் மரத்தைச் சத்தமில்லாமல் வெட்டுகிறோம். பழைய மேனேஜர்கள் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார்கள். இவர் புதிது. மரத்தை வெட்டிய உங்கள் தம்பி ரிஜோ அண்ணனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்கொயரி உண்டாம். கேஸ்கூட வரலாம் என்கிறார்கள். உங்கள் அம்மா பிலோமி அத்தை அழுத அழுகை லயன் வீடுகள் முழுக்கக் கேட்டது.

யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று எல்லாரும் பேசுகிறார்கள். யார் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் நான் பைப்படிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

அக்கா, இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வியாழக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது அவர் மேனேஜர் ரூமிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்டோர்ல இருந்தேன்" என்றார்.

ஸ்டோர் அந்தப் பக்கமே இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் உங்கள் மாதா வேஷம் வனிதாவுக்கு. நன்றாகத்தான் செய்கிறாள். ஆனால் அவள் அழும்போது மேடையின் மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து நான் குரல் கொடுத்தால் பொருந்தவே மாட்டேன் என்கிறது. நீங்கள் மேடையில் தோளைக் குலுக்கினால் என் குரல் தானாகத் தழுதழுக்கும். அது வேறு.

ஆன்சி


கோயம்புத்தூர்
29 மார்ச் 2025

பிரியமுள்ள ஆன்சி,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் கன்னியர் மடத்துக்கு வருகிற கடிதங்களை சிஸ்டர் படித்த பிறகே எங்களிடம் தருவார். போகிற கடிதங்களும் அப்படித்தான். அதனால் நான் எழுதுவது குறைவாக இருந்தால் வருத்தப்படாதே.

உன் கடிதம் வந்த அன்றே அம்மா கான்வென்ட்டுக்குப் போன் செய்தாள். பேசவே முடியவில்லை அவளால். "எம்புள்ள என்னடி பண்ணிட்டான், சாமிக்குத்தான வெட்டுனான்?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். ரிஜோவின் வருமானம் இல்லாமல் அந்த வீடு எப்படி நடக்கும் என்று உனக்கும் தெரியும்.

நீ பார்த்ததை அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் தம்பியின் வேலை போயிருக்கும்போது, தெரிந்த ஒன்றை எப்படி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்வேன்?

மோசஸ் மாமாவை நான் குற்றம் சொல்லவில்லை. எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் தாடியை எடுத்தது எதற்காக? முந்தின நாள் அந்த ரூமில் அவருக்கு என்ன வேலை? உன்னிடம் ஏன் பொய் சொன்னார்? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர்கள் யாரும் இல்லை.

அவரிடம் நேராகக் கேள். நீ பெரிய பெண். தட்டிக்குப் பின்னால் நின்று பேசினால் மட்டும் போதாது.

எல்சா


குன்னூர்
2 ஏப்ரல் 2025

எல்சா அக்காவுக்கு,

உங்களிடம் மட்டும் என்று எழுதியிருந்தேன். 'மட்டும்' என்று எழுதிய பிறகு அதன் மேலேயே ஒரு தடவை பேனாவை ஓட்டிக் கறுப்பாக்கியும் இருந்தேன்.

திங்கட்கிழமை தண்ணீர் பிடிக்கப் போனேன். பேச்சு நிற்கவில்லை. எனக்காகவே பேசினார்கள்.

"ஏனுங்க ஆன்சியம்மிணி, உங்கப்பா மேனேஜரு ரூமுல டீ குடிச்சாருங்களா, காப்பி குடிச்சாருங்களா?"

"முப்பது வெள்ளிக்காசுன்னா இன்னைக்குக் கணக்குக்கு எவ்வளவு வருமுன்னு கேளுங்கடி."

பிலோமி அத்தை மட்டும் சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "இத்தனை வருசமா உங்கப்பன் யூதாசு வேசம் போடறான்னு நெனச்சிட்டிருந்தேன் கண்ணு. இப்பத்தான் தெரியுது, மத்த நாள்ல போட்டதுதான் வேசம்."

குடம் நிரம்புவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

யூதாஸ் வேஷத்துக்கு யாருமே வராததால்தானே அப்பா அதைக் கட்டினார்? லென்டு தவக்காலம் வந்தால் பிள்ளைகள் "யூதாஸ் மாமா" என்று பின்னாலேயே ஓடும். அப்பா திரும்பி முறைத்து, பாக்கெட்டிலிருந்து கடலை எடுத்து வீசுவார். இந்த வாரம் ஒரு பையன் அப்படிக் கூப்பிட்டான். அவன் அம்மா வந்து வாயிலேயே ஒரு அடி வைத்து இழுத்துக்கொண்டு போனாள். அப்பா கையில் கடலையோடு நின்றார்.

ரிகர்சலுக்கும் போனார். யூதாஸ் முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கிற கெத்சமனித் தோட்டம் வந்தது. கீழே நின்றவர்களில் யாரோ, "மோசஸு, ரிஜோவுக்கு ஒரு முத்தம் பாக்கி இருக்குதல்ல, அதையும் குடுத்துட்டுப் போ" என்று கத்தினார்கள். ரிஜோ அண்ணன் கிறிஸ்துவாக நின்றுகொண்டிருந்தார். அவர் தலை குனிந்துகொண்டார். அப்பா அங்கியைக் கழற்றி மடித்து, நாடகம் நடத்துகிற டக்ளஸ் சார் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

கூடலூர் பக்கம் கம்பெனியின் இன்னொரு எஸ்டேட்டுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். ஈஸ்டர் முடிந்ததும் போகலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் இடுப்பு இன்னும் சரியாகவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒன்பதாவதோடு நின்றேன். இப்போது ஊரையும் விட வேண்டும். நான் வாய் திறந்து பேசுகிற ஒரே இடம் அந்தத் தட்டிக்குப் பின்பக்கம்தான். கூடலூரில் எனக்கு யார் தட்டி கட்டுவார்கள்?

அப்பாவிடம் நேராகக் கேட்கச் சொன்னீர்கள். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர் குளிக்கப் போகும்போது சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். பீடி, தீப்பெட்டி, ஒரு கருப்பு வலைத் துணி. அவ்வளவுதான். திருப்பி வைத்துவிட்டு, இனி இந்தக் கையால் அவருக்கு எப்படிச் சோறு போடுவது என்று இருந்தது.

ஆன்சி


கோயம்புத்தூர்
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

பிரியமுள்ள ஆன்சி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் சொன்னது என் தவறு. மன்னித்துக்கொள்.

உன் அப்பாவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். இந்த விஷயத்தை இத்துடன் விட்டுவிடு. எல்லாம் தானாகச் சரியாகும். மாற்றலுக்கு அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் மாமாவிடம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தையை விசாரித்ததாகச் சொல்.

எல்சா


குன்னூர்
9 ஏப்ரல் 2025

எல்சா அக்காவுக்கு,

முதல் கடிதத்தில் 'கேள்' என்றீர்கள். இரண்டாவதில் 'கேட்காதே' என்கிறீர்கள். நடுவில் என்ன நடந்தது?

நீங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் வைத்திருக்கிறேன். எதிலும் நீங்கள் ஒரு பக்கத்துக்குக் குறைவாக எழுதியதில்லை. மன்னிப்பு கேட்கிறவர்கள் இவ்வளவு சீக்கிரம் முடிக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பார்வையாளர் நாள். அன்று ரிஜோ அண்ணன் முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போனதை மூக்கம்மா பார்த்திருக்கிறார்.

நீங்கள் வேண்டாம் என்றதாலேயே அப்பாவிடம் கேட்டேன்.

அவர் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தார். "அன்னைக்கு மேனேஜர் ரூமுக்கு எதுக்குப் போனீங்க?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

கொள்ளியை உள்ளே தள்ளிவிட்டார். "தாடிக்கு" என்றார்.

"என்னப்பா?"

"செர்டிபிகேட்காரங்க ஃபேக்டரியப் பாக்க வர்றாங்களாம். தூள் சலிக்கிற ரூம்ல தாடியோட நிக்கக் கூடாதாம். பெரிய வெள்ளி வரைக்கும் விடுங்க சார், சாமிக்கு நேந்து வளத்ததுன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அவரு நல்லாத்தான் பேசுனாரு. ஒரு வலையக் குடுத்து, மூஞ்சியில மாட்டிக்கன்னாரு. மாட்டிட்டுப் போனா பொம்பளைங்க எல்லாம் வேலைய விட்டுட்டுச் சிரிக்குதுங்க. சூப்பரவைசரு, வலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எடுத்துட்டு வா, இல்லாட்டி வெறகு பிரிக்கப் போன்னுட்டாரு."

"என்கிட்ட ஏன் ஸ்டோர்னு சொன்னீங்க?"

"நேந்து வளத்தத வேலைக்குப் பயந்து வலையில மூடப் போறேன்னு புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"

"லயன்ல சொல்லியிருக்கலாமே."

அதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "என்னன்னு சொல்லுவேன்? ரிஜோவுக்கு வேலை போச்சு, எனக்குத் தாடி போச்சுன்னா?"

அக்கா, நான் அதையும் நம்பவில்லை. அப்பாவைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் பழகிவிட்டேன். மறுநாள் மூக்கம்மாவிடம் போய் மெதுவாகக் கேட்டேன். அவர் சலிக்கிற ரூமில்தான் வேலை செய்கிறார். கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "வலைய மாட்டிட்டு வந்து நின்னாரு பாரு உங்கப்பா, மீனு மாட்டுன மாதிரி. சிரிச்சது நாங்கதான். பாவம், அந்த மனுசன் அப்பவே செரைக்கப் போயிட்டாரு."

"இதை எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னனே. எவ நம்பறா? தாடிக்காக ஒருத்தன் மேனேஜர் ரூமுக்குப் போவானாங்கறாளுங்க."

ஆக, சொன்னது அப்பா இல்லை. அப்படியானால் வேறு யாரோ. அது உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாது என்று எழுதினால் நம்பிக்கொள்கிறேன். ஆனால் எழுதுங்கள். சும்மா விட்டுவிடு என்று மட்டும் எழுதாதீர்கள்.

மூன்று வருடம் உங்கள் உதட்டுக்கு நான் குரல் கொடுத்தேன். நீங்கள் எப்போது பேசப்போகிறீர்கள், எப்போது பேசாமல் நிற்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆன்சி


கோயம்புத்தூர்
12 ஏப்ரல் 2025

ஆன்சி,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போது கடைசியாக எழுதுகிறேன்.

ரிஜோ வந்தான். நீ கண்டுபிடித்தது சரி. தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து நான் கொண்டுபோன பன்னைத் தின்னாமல் பிய்த்துப் பிய்த்துக் குருவிக்குப் போட்டான். பிறகு சொன்னான்.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. மரம் சாய்ந்ததும் அதன் மேல் ஏறி நின்று, கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு வீடியோ எடுத்துத் தன்னுடைய ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். 'சிலுவை ரெடி' என்று எழுதி, பின்னால் பாட்டு வேறு. கொஞ்ச நேரத்தில் பயம் வந்து அழித்துவிட்டான். அதற்குள் ஆபீஸ் கிளார்க் ஒருவர் பார்த்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டார். வேலைக்கு வராதே என்று சொன்ன அன்றே மேனேஜர் அந்த வீடியோவை அவனுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

ஆம், முதல் நாளிலிருந்தே அவனுக்குத் தெரியும்.

ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "கூட வந்த பசங்களையும் என்கொயரிக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா. என் வீடியோவாலன்னு தெரிஞ்சா கொன்னுபோடுவானுங்க" என்றான். பிறகு இன்னொன்றும் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எல்லாரும் என்னைப் பார்த்தா 'சிலுவைக்காக வேலைய விட்டவன்'னு கையெடுத்துக் கும்பிடறாங்கக்கா. நான் யாரையும் மோசஸ் மாமான்னு சொல்லலை. அவங்களாத்தான் சொல்லிக்கிட்டாங்க."

அவங்களா இல்லை. அம்மாவுக்குச் சொன்னது நான். எனக்குச் சொன்னது நீ. நான் உன்னைச் சொல்லவில்லை. ஆனால் அது அப்படித்தான் நடந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் உனக்கு எழுதிய கடிதம் அவனைக் காப்பாற்ற எழுதியது. அவன் என் தம்பி. நீ கேட்காவிட்டால் இப்போதும் எழுதியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

நாடகத்துக்கு முன்னால் எல்லார் எதிரிலும் தானே சொல்லிவிடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். பெரிய வெள்ளி வரைக்கும் பொறுத்துக்கொள். அவன் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அம்மாவிடமும்.

இதுவரை எழுதியதை சிஸ்டரிடம் காட்டினேன். அவர் நின்றபடியே முழுவதும் படித்தார். அவரே ஒட்டி, அவரே தபாலில் போடுவதாகச் சொன்னார்.

எல்சா


குன்னூர்
19 ஏப்ரல் 2025, பெரிய சனி

எல்சா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அப்பாவிடம் காட்டவில்லை. காட்டினால், "பாவம் சின்னப் பையன், விடு" என்று வாங்கி அடுப்பில் போட்டுவிடுவார். அவரை எனக்குத் தெரியும். தெரியும் என்று எழுத இப்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

வியாழக்கிழமை பாதம் கழுவும் பூசையில் ரிஜோ அண்ணன் எனக்கு நேர் எதிரே நின்றார். பூசை முடிந்து சாமியார் அறிவிப்பு வாசித்தார். இப்போது எழுந்து சொல்வார் என்று பார்த்தேன். மண்டியிட்டபடியே இருந்தார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையிலும் பார்த்தேன். பாட்டிமார்கள் அவர் தலையைத் தடவி, "சாமி உன்னைக் கைவிடாது ராசா" என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நீங்கள் எனக்கு எழுதியது அவருக்குத் தெரியும்போல.

யூதாஸுக்கு ஆள் கிடைக்கவில்லை. கேட்ட எல்லாரும் கையை உதறிவிட்டார்கள். "இந்த வருசம் அந்த வேசம் போட்டா மோசஸுக்கு நடந்ததுதான் எனக்கும் நடக்கும்" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னாராம். மத்தியானம் டக்ளஸ் சார் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"மோசஸு, உன்னக் கூப்புட எனக்கு மூஞ்சி இல்ல."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். "நான் வராட்டி அவங்க சொன்னது நெசமாயிரும் சார். நடங்க" என்றார்.

கடையில் வாங்கிய தாடியைப் பசை போட்டு ஒட்டினார்கள். இந்த வருடத்துச் சிலுவையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிவிசி குழாய் இரண்டைக் கட்டி, மேலே பழுப்புக் காகிதம் சுற்றியது. கனமே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு எப்படித் தள்ளாடுவது என்று ரிஜோ அண்ணன் காலையிலிருந்து பழகிக்கொண்டிருந்தார்.

நீங்கள் இருந்தபோதைவிடக் கூட்டம் அதிகம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர் வெலிங்டனிலிருந்தும் ஜீப்பில் வந்திருந்தார்கள். தார்ப்பாயில் எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிலோமி அத்தை முன் வரிசையில். தட்டிக்குப் பின்னால் வழக்கம்போல டக்ளஸ் சாரும் நானும் ஒரே மைக். ஆண்கள் குரல் எல்லாம் அவர், பெண்கள் குரல் நான். பக்கம் புரட்டுகிற சத்தமும் இருமலும் கேட்கக் கூடாது என்பதால் மைக்கின் ஸ்விட்சும் என்னிடம்.

கடைசி இராப்போஜனக் காட்சி வந்தது. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று கிறிஸ்து சொன்னார். ஒவ்வொரு சீடராக எழுந்து, "குருவே, அது நானா?" என்று கேட்டார்கள். டக்ளஸ் சார் ஒவ்வொருவருக்கும் குரலை மாற்றிக் கேட்டார். தட்டியில் ஒரு மூங்கில் விலகியிருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அப்பா எழுந்தார்.

அவர் எழுந்ததும் கூட்டத்திலிருந்து சிரிப்பு வந்தது. "நீதான்டா! நீயேதான்!" என்று ஒரு குரல். பிறகு நாலைந்து குரல். பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு வருடமும் கத்துவார்கள்தான், அது விளையாட்டு. இது அந்தச் சத்தம் இல்லை. அப்பா அது அடங்கும்வரை காத்திருந்தார். பசை விட்டுப்போய் தாடி ஒரு பக்கம் தொங்கியது. அதைச் சரிசெய்யவில்லை. ரிஜோ அண்ணன் பக்கம் திரும்பி, கையை நெஞ்சில் வைத்தார்.

"குருவே, அது நானா?"

இது டக்ளஸ் சார் குரல்தான். ஆனால் அப்பாவின் வாயும் அசைந்தது. அவர் உண்மையாகவே கேட்டார் அக்கா. வசனம் மாதிரி இல்லை. பக்கத்தில் நின்றிருந்தால் நமக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த வசனம் கிறிஸ்துவுடையது. ஒரே வார்த்தை. 'நீதான்.' அதை டக்ளஸ் சார் சொல்ல வேண்டும், ரிஜோ அண்ணன் உதட்டை அசைக்க வேண்டும். அவர் உதடு அசையத் தயாராக இல்லை. பொய்த்தாடிக்குள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அத்தை, "சொல்லு ராசா" என்றார். டக்ளஸ் சார் மூச்சை இழுத்தார்.

ரிஜோ அண்ணன் நாளைக் காலைப் பூசை முடிந்ததும் இந்தக் கடிதத்தோடு உங்களைப் பார்க்க வருகிறார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் செய்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

'நீதான்' என்ற வார்த்தை டக்ளஸ் சார் வாயிலிருந்து வருவதற்குள் கையை நீட்டி மைக்கை அணைத்தேன்.